மொட்டை மாடி வெந்நீர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்கழி வந்தால் சோலார் ஹீட்டர் ஞாபகம் வரும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கடிதங்களும் வரும். இந்த முறை வந்தவற்றில் பாதி, தண்ணீர் விஷயம். அதற்குத்தான் இடம் அதிகம் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் ஐந்து பேர். எத்தனை லிட்டர் வாங்கலாம்? (வாசகி, அரூர்)

150. ஆளுக்கு 25, 30 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். இதே குடும்பம் ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ இருந்தால் 200 சொல்வேன். ஓசூர், தருமபுரியைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் குழாய்த் தண்ணீரே கையை விறைக்க வைக்கும். அதற்காக இரண்டு பேர் இருக்கிற வீட்டில் 300 லிட்டர் வைக்காதீர்கள். செலவாகாத தண்ணீர் தினமும் கொதித்துக்கொண்டே கிடந்தால் உப்புத்தான் படியும்.

எங்க வீட்டுக்கு எந்த சோலார் நல்லது? உடனே பதில் தேவை. (ஊத்தங்கரை)

எத்தனை பேர், என்ன தண்ணீர், மாடியில் எவ்வளவு வெயில், மேல்தொட்டி எவ்வளவு உயரம். இதில் ஒன்றைக்கூட எழுதாமல் "உடனே பதில்" கேட்டால் நான் என்ன சொல்வது? நான்கையும் எழுதி அனுப்புங்கள், பதில் தருகிறேன்.

போர் 900 அடி. தண்ணீர் கடும் உப்பு, சோப்பு நுரைக்காது. ஒரு கடையில் பிளாட் பிளேட் என்கிறார்கள், இன்னொரு கடையில் டியூப் என்கிறார்கள். "எந்தத் தண்ணிக்கும் தாங்கும்" என்று இருவருமே சொல்கிறார்கள். எதை நம்புவது? (காரிமங்கலம்)

இருவரையும் நம்பாதீர்கள். பிளாட் பிளேட் என்பது கண்ணாடி மூடிய தட்டைப் பெட்டி, டியூப் என்பது வரிசையாக மாட்டிய கண்ணாடிக் குழாய்கள். "எந்தத் தண்ணிக்கும் தாங்கும்" என்று சொல்லி விற்றுவிட்டுப் போனவர்களின் வேலையைச் சரிசெய்தே என் பாதிக் காலம் போயிருக்கிறது. மாட்டி இரண்டே வருஷம் ஆன ஒரு வீட்டில், வெந்நீர் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். ஒரு டியூபை உருவி எடுத்தேன். அடியில் ஒரு முழத்துக்கு வெள்ளைச் சேறு, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு மாதிரியே. டேங்குக்குள் இருந்த மின் காயில் எலும்புத் துண்டுபோல் தடித்துப் போயிருந்தது. வாரண்டி அட்டையை வாங்கிப் பார்த்தால், கடினத் தண்ணீருக்குப் பொறுப்பில்லை என்று கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். விற்கும்போது அந்த வரியை யாரும் படித்துக் காட்டவில்லை. அந்த வீட்டுக்காரர் நகையை அடகு வைத்து வாங்கியிருந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நம் தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட், சூடு ஏற ஏறச் சுண்ணாம்பாகப் பிரிந்து படிகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் வேகமாகப் படியும். சாதாரண பிளாட் பிளேட்டில் தண்ணீர் ஓடும் செம்புக் குழாய் விரல் தண்டிதான். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுற்றாது, கதை முடிந்தது. டியூபில் கழிவு அடியில் தங்கும், சூடு குறையும், ஆனால் கழற்றிக் கழுவலாம். ஆகவே உப்புத் தண்ணீருக்கு டியூப், அல்லது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த பிளாட் பிளேட். இரண்டாவதில் தகட்டுக்குள் தனித் தண்ணீர் சுற்றும், குளிக்கிற தண்ணீர் அதில் கலக்காது. விலை அதிகம்.

வாங்குவதற்கு முன் தண்ணீரைச் சோதித்த தாள் கையில் இருக்க வேண்டும். டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டி ஒரு எண்ணைச் சொல்வது சோதனை ஆகாது. அது மொத்த உப்பைத்தான் சொல்லும். உங்களுக்குத் தெரிய வேண்டியது கடினத்தன்மையும் (சுண்ணாம்பாகப் படிகிற உப்பின் அளவு) குளோரைடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அது குடிநீருக்கான உச்ச வரம்பையே தாண்டிய தண்ணீர், நேராக ஹீட்டருக்கு விடாதீர்கள். கடினத்தன்மையைக் குறைக்கிற சாஃப்ட்னர் வையுங்கள், இல்லையென்றால் மழைநீரைப் பிடியுங்கள். 1000 சதுர அடி மாடியில் நம் பக்கத்து மழைக்கு வருஷத்தில் 70, 80 ஆயிரம் லிட்டர் விழுகிறது. பாலக்கோட்டில் ஒரு வீட்டில் 5000 லிட்டர் தொட்டியில் மழைநீரைப் பிடித்து, வடிகட்டி, ஹீட்டருக்கு மட்டும் தனி லைன் விட்டிருக்கிறார்கள். ஒருமுறை நிரம்பினால் மாதத்துக்கு மேல் வருகிறது. அங்கே டியூபைக் கழற்றினால் கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கிறது.

குளோரைடு அதிகம் என்றால் எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்) டேங்க் பொத்தல் விழும். 316 ரகம் கேளுங்கள். டேங்குக்குள் இருக்கும் மெக்னீசியம் ராடு தன்னைக் கரைத்துக்கொண்டு டேங்கைக் காப்பாற்றுகிற பொருள். வருஷம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள், கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

பிளம்பர் பாத்ரூம் ஆசிட் ஊற்றி டேங்கைக் கழுவித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா? (மத்தூர்)

கூடவே கூடாது. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தின்றுவிடும். டியூபைக் கழற்றி சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் போதும். டேங்க் அடியில் தங்கிய சேற்றை டிரெயின் வால்வைத் திறந்து வெளியேற்றுங்கள். இதையெல்லாம் விடியற்காலையில் செய்யுங்கள். வெயிலில் காய்ந்த காலி டியூபில் பச்சைத் தண்ணீர் விட்டால் கண்ணாடி பட்டென்று வெடிக்கும்.

வாஸ்துப்படி ஈசானிய மூலையில் வைத்தால் சூடு வருமா? (பர்கூர்)

வரும். எந்த மூலையிலும் வையுங்கள், டியூப் தெற்கே பார்க்க வேண்டும், காலை 9 முதல் 3 வரை நிழல் விழக் கூடாது. தெற்கே ஹீட்டரைவிடப் பத்தடி உயரமாகச் சுவர் இருந்தால், மார்கழி உச்சி வெயிலிலேயே ஏழடிக்கு நிழல் விழும். டேப் பிடித்து அளந்துவிட்டு இடம் பாருங்கள்.

மேல்தொட்டி நிறைந்திருக்கிறது, ஹீட்டரில் தண்ணீர் ஏறவில்லை. (காவேரிப்பட்டணம்)

மேல்தொட்டியின் அடிமட்டம் ஹீட்டர் டேங்கின் தலைக்கு ஓரடியாவது மேலே இருக்க வேண்டும். தொட்டிக்கு மேடை கட்டுங்கள்.

ஏர் வென்ட் குழாயில் தண்ணீர் சொட்டியது. துணி வைத்து அடைத்துவிட்டோம். இப்போது டேங்கில் "டொம்" என்று சத்தம் வருகிறது. (பென்னாகரம்)

இதைப் படித்ததும் முதலில் மாடிக்குப் போய் அந்தத் துணியைப் பிடுங்குங்கள். வென்ட் டேங்கின் மூக்கு. அடைத்துவிட்டு வெந்நீரைத் திறந்தால் உள்ளே காற்று போக வழியில்லை. உள் டேங்கின் தகடு மெல்லியது, அப்படியே உள்வாங்கி நசுங்கும். நீங்கள் கேட்ட "டொம்" அதுதான். நசுங்கிய டேங்கை யாரும் சரிசெய்ய முடியாது. சொட்டுகிறது என்றால் குழாய் உயரம் போதவில்லை. மேல்தொட்டியின் நீர்மட்டத்தைவிட ஓரடி மேலே ஏற்றிவிடுங்கள். எத்தனை தடவை எழுதினாலும் இந்தத் தப்பு மாதம் ஒரு வீட்டில் நடக்கிறது.

மத்திய அரசு 78,000 ரூபாய் தருகிறதாமே? (வாசகர், ஓசூர்)

அது 2024இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டம். மின்சாரம் எடுக்கிற பேனலுக்கு, அதுவும் 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ வைத்தால். வாட்டர் ஹீட்டருக்கு அதில் காசு கிடையாது. மானியம் வாங்கித் தருகிறேன் என்று ஹீட்டருக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வெந்நீரைச் சமையலுக்கும் குடிக்கவும் எடுக்கலாமா? கொதித்த தண்ணீர்தானே? (வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி)

வேண்டாம், அம்மா. நம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது என்பதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே கொண்டுவந்தார்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். குழந்தைகள் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்த ஊர் நம்முடையது. குளிக்க, பாத்திரம் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வீட்டு பாத்ரூமில் வெந்நீர் வர நேரமாகிறது. பைப்பைப் பெரிதாக்கட்டுமா? (இராயக்கோட்டை)

பெரிதாக்கினால் இன்னும் நேரமாகும். வெந்நீருக்குப் போடுகிற முக்கால் அங்குல சிபிவிசி பைப் ஐம்பது அடி ஓடினால் அதில் நான்கு லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும், ஒரு அங்குலம் என்றால் ஆறரை லிட்டர். பைப்பை மாற்றாமல், மேலே தெரிகிற இடமெல்லாம் இன்சுலேஷன் உறை சுற்றுங்கள். முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்துத் துணிக்கு வையுங்கள். சாதாரண பிவிசி போட்டிருந்தால் மட்டும் முழுதாக மாற்றுங்கள், அது சூட்டில் தொய்ந்துவிடும்.

சித்திரையில் குலதெய்வக் கோயிலுக்குப் போய் இருபது நாள் வீட்டில் இருக்க மாட்டோம். ஹீட்டரை என்ன செய்வது? (சூளகிரி)

டியூபுகள் மேல் தார்ப்பாய் போர்த்திக் கட்டுங்கள். டேங்கைக் காலி செய்யாதீர்கள். திரும்பி வந்ததும் உள்ளே தண்ணீர் கொதியாக இருக்கலாம். பிள்ளைகளைக் குழாயைத் திறக்க விடாதீர்கள், எட்டுப் பத்து வாளி நீங்களே திறந்துவிடுங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர்.