மலைப்பாதையில் வரும் வாந்தி காதின் கோளாறா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பொகவந்தலாவையிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுக்கிறாள். ஹட்டனிலிருந்து ரயிலில் போனால் ஒன்றும் ஆவதில்லை. உடம்புச் சமநிலை சரியில்லாத பிள்ளை என்று உறவினர் சொல்கிறார்கள். ஆனால் மழை நாளிலும் தேயிலைச் சரிவில் அவள் வழுக்கி விழுந்ததில்லை. கொழுந்துச் சுமையோடு மலையேறும் எனக்கும் பஸ்ஸில் தலை சுற்றுகிறது. எங்கள் காதில் கோளாறு இருக்குமா?
- ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் காதுக் கோளாறுக்கான அடையாளம் எதுவும் இல்லை. உட்காதின் சமநிலை உறுப்பு ஒழுங்காக வேலை செய்பவர்களுக்குத்தான் பயண வாந்தி வருகிறது. அந்த உறுப்பு இரு காதுகளிலும் முற்றாகச் செயலிழந்தவர்களுக்குக் கடற்பயணத்தில்கூட அது வருவதில்லை. காது கேளாதோரிடம் (அவர்களில் சிலருக்கு இந்த உறுப்பும் செயலிழந்திருக்கும்) விசாரித்த அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1882இலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஆகவே அந்தப் பிள்ளைமீது பழி சொல்வதை உறவினர் நிறுத்த வேண்டும்.

உட்காதிலுள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் நிறைந்திருக்கும் திரவம், தலை திரும்பும்போது சற்றுப் பிந்தி அசைந்து, அங்குள்ள நுண்மயிர்க் கலங்களை வளைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பதை மூளைக்கு அறிவிக்கிறது. அருகிலுள்ள இரண்டு சிறு பைகள் நேர்கோட்டு அசைவையும் புவியீர்ப்பையும் உணர்கின்றன. தேயிலைச் சரிவில் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று மகளே தீர்மானிப்பதால், கண்ணும் காதும் பாதமும் மூளை எதிர்பார்த்த செய்தியையே தருகின்றன. பஸ்ஸில் அப்படியல்ல. முன் இருக்கையின் முதுகையோ கைப்பேசியையோ பார்க்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது; காதோ, இடப்பக்கம் திரும்புகிறோம், இப்போது வலப்பக்கம் என்று அறிவித்துக்கொண்டே இருக்கிறது. இந்த முரண்பாடுதான் வாந்தியாக முடிகிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் விளக்கம். வளைவை முன்கூட்டியே கண்டு தானே திருப்புவதால் சாரதிக்கு இது அரிதாகவே வருகிறது. ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை வரும் மெதுவான ஆட்டமே அதிகம் குமட்டுவது. மலை ரயில் வளைவுகளை நிதானமாகக் கடப்பதால் பக்கவாட்டுத் தள்ளல் குறைவு.

உறவினர் சொல்வதில் ஒரு சிறு பொருள் உண்டு. உடலை நிலைநிறுத்தும் முறை குலைவதே பயண வாந்திக்குக் காரணம் என்று 1991இல் ரிச்சியோ, ஸ்டொஃப்ரெகன் ஆகிய இருவர் வாதிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில், சும்மா நிற்கும்போது உடலில் ஏற்படும் மிக நுண்ணிய தள்ளாட்டம், பிறகு குமட்டல் கண்டவர்களிடம் முன்கூட்டியே சற்று வேறுபட்டிருந்தது. ஆனால் அது கருவி வைத்து அளக்க வேண்டிய வேறுபாடு. சரிவில் தடுமாறி விழுவதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பஸ்ஸில் மகளை முன்பகுதியில், பாதை தெரியும்படி அமர்த்துங்கள். பின் இருக்கை வேண்டாம். தலையை இருக்கையில் நன்றாகச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். பஸ் வளைந்துகொண்டிருக்கும்போது கீழே விழுந்த பையை எடுக்கக் குனிந்தால், காதுக் குழாய்களில் இரண்டு திசைச் சுழற்சி ஒரே நேரத்தில் பதிந்து, அந்தக் கணமே வயிறு புரளும். முன்னே பார்க்க முடியாவிட்டால் கண்ணை மூடிக்கொள்வது நல்லது. வெறும் வயிறும் வேண்டாம், நிறையச் சாப்பிடவும் வேண்டாம். மாத்திரை தருவதானால் வைத்தியரிடம் அளவைக் கேட்டு, புறப்படுவதற்கு முன்னரே கொடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுப்பதால் பலன் குறைவு, தூக்கமும் வரும்.

பயண வாந்தி 2 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் அதிகம். பதின்பருவத்தில் பலருக்குக் குறைந்துவிடும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வருவது வழக்கம். உங்களுக்கு ஒற்றைத் தலைவலி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. அது உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக இருக்கும்.

வீட்டில் சும்மா இருக்கும்போதே தலை சுற்றினாலோ, காது மந்தமானாலோ, நடையில் புதிதாகத் தடுமாற்றம் தெரிந்தாலோ, அதைப் பயண வாந்தி என்று விட்டுவிடாமல் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.