பழைய நாணயம் சேர்ப்பவர்கள் ஐந்தாறு பேர் கூடி ஒரு நாள் வெளியூர் போவதில் அப்படி என்ன இருக்கிறது? போனில் பேசினால் போதாதா? வீட்டில் சிரிக்கிறார்கள்.

கேட்டிருப்பவர் கல்யாணமான ஆண் என்று எடுத்துக்கொள்கிறேன். 'வீட்டில்' என்று நாம் சொன்னால் பெரும்பாலும் அது மனைவிதான். தவறென்றால் மன்னிக்கவும். என் வீட்டில் சிரித்தது மனைவி அல்ல, மனைவியின் தம்பி. "என்ன அத்தான், செல்லாக்காசெல்லாம் ஒன்றுகூடப் போகிறதாமே?" என்றான். நான்கு வருடம் ஆகிறது. அந்த வாக்கியம் இன்னும் உள்ளே எங்கோ கிடக்கிறது. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டதற்கு அதுதான் காரணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து கேட்பார்கள். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டை லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வதாக விளம்பரம் போடும் கூட்டம் அல்ல நாங்கள். அந்த ஏமாற்றைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரிக்கை விட்டது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயத்தை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்ற சட்டமும் எங்களுக்குத் தெரியும். நாங்கள் விற்பதும் இல்லை. வைத்துப் பார்ப்போம், அவ்வளவுதான்.

நாங்கள் போனது தூத்துக்குடிக்கு. ஒரு இரண்டாம் சனிக்கிழமை. மதுரையில் அதிகாலை ஐந்து மணி பஸ்ஸில் ஏறி எட்டரைக்குள் இறங்கிவிட்டேன். மொத்தம் ஆறு பேர். கப்பல் சரக்கு ஏஜென்சியில் வேலை பார்க்கும் உள்ளூர் அண்ணாச்சி, காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் (எல்லோரும் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவோம், அந்த ஊரில் அண்ணன் என்று அர்த்தம்), நாகர்கோவிலிலிருந்து ஒரு ஓவிய டீச்சர், திருநெல்வேலியிலிருந்து ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவரும் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பியும், அப்புறம் நான். அண்ணாச்சியைத் தவிர யாரையும் அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. இரண்டு வருடமாகக் குரல் மட்டும்தான் பழக்கம். குரலை வைத்து டீச்சரை ஒல்லியானவர் என்றும், காக்காவைத் தாடி வைத்தவர் என்றும் நினைத்திருந்தேன். இரண்டும் தப்பு.

ஏன் தூத்துக்குடி என்றால், எங்கள் ஆறு பேரையும் சேர்த்துவைத்ததே டச்சுக் காசு. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து அந்த ஊரைப் பிடித்தவர்கள் 1825 வரை, நடுவில் சில முறை கைமாறினாலும், அங்கே இருந்தார்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக்காசுக்கு 'டுயிட்' என்று பெயர். "கையில் துட்டு இல்லை" என்கிறோமே, அந்தத் துட்டு இதிலிருந்து வந்ததுதான். ஒரு பக்கம் கம்பெனியின் முத்திரை: பெரிய 'வி', அதன் இரு கைகளிலும் கோத்தாற்போல் ஒரு 'ஓ', ஒரு 'சி'. மறுபக்கம் நெதர்லாந்தின் எந்த மாகாணத்தில் அடித்தார்களோ அந்த மாகாணத்தின் சின்னம். சீலாந்து மாகாணக் காசாக இருந்தால் ஒரு சிங்கம் அலைகளுக்குள்ளிருந்து பாதி உடம்போடு எழுந்து நிற்கும். எனக்கு அந்தச் சிங்கத்தின் மேல் தனிப் பிரியம். கடலில் தத்தளிக்கும் சிங்கத்தைச் சின்னமாக வைத்துக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும்.

காலையில் பனிமய மாதா பேராலயம் போனோம். இப்போதிருக்கும் கட்டடம் 1713-இல் எழுந்தது. அப்போது ஊரை ஆண்டது புராட்டஸ்டண்ட் டச்சுக்காரர்கள். அவர்கள் கண்முன்னே கத்தோலிக்கப் பரதவர்களின் கோயில் எப்படி இவ்வளவு உயரம் வந்தது என்று டீச்சர் கேட்ட கேள்வியிலேயே அரை மணி நேரம் போயிற்று. "முத்துக் குளிக்க ஆள் வேண்டுமே டீச்சர், ஆளைப் பகைத்தால் முத்து யார் எடுப்பது?" என்றார் அண்ணாச்சி. அது வரலாறா, அவருடைய அனுமானமா என்று நான் கேட்கவில்லை. டச்சுக்காரர்களே 1750-இல் கட்டிய திரித்துவ ஆலயத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்தோம். வெயில்.

பழைய துறைமுகத்தில் தோணி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் போகின்றன என்றார் அண்ணாச்சி. பெரிய கப்பல் நிற்கும் புதிய துறைமுகம் ஊருக்குத் தள்ளி இருக்கிறது. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதால் அதைத் தூரத்திலிருந்தே பார்த்தோம். அங்கேதான் அந்தக் கல்லூரித் தம்பி பெயர்ப் பலகையையும் கையிலிருந்த காசையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, டச்சுக்காரன் ஏன் வ.உ.சி. பெயரைக் காசில் போட்டான்?" என்று கேட்டான். காக்காவுக்குச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. ஆனால் யோசித்தால் அது சின்னக் கேள்வி இல்லை. 1602-இல் தொடங்கி 1799-இல் கலைந்துபோன ஒரு கம்பெனியின் மூன்றெழுத்து. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்டு, 1908-இல் சிறைக்குப் போன மனிதரின் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கினாலும் அதே மூன்றெழுத்து. துறைமுகத்துக்கு 2011-இல் வைத்தது இவருடைய பெயரை. கடல் வாணிபத்துக்கு வந்தவனின் முத்திரை என் பெட்டிக்குள் கிடக்கிறது. இதற்கும் ஒருவர் வருவார், 'அந்நியன் காசுக்கு இவ்வளவு உருக வேண்டுமா' என்று. ஐயா, உருகவில்லை. பார்க்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டப் போவதில்லை. பரோட்டா, சால்னா, நன்றாக இருந்தது. ஆனால் மக்ரூனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தூத்துக்குடி போகிறேன் என்று தெரிந்ததும் அலுவலகத்தில் நாலு பேர், தெருவில் இரண்டு பேர், என்னைச் செல்லாக்காசு என்ற அதே மச்சினன், ஆளுக்கு அரைக் கிலோ என்றார்கள். முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த பண்டம், அழுத்தினால் பொடிந்துவிடும். மூன்றரை கிலோவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஏழு பேரில் பணம் கொடுத்தது மூன்று பேர். வெளியூர் போகிறவனிடம் வாங்கி வரச் சொல்வது தப்பில்லை. "எவ்வளவு ஆயிற்று?" என்று கேட்க ஏன் வாய் வருவதில்லை? இதுவும் உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும். நீங்கள் போவதாக இருந்தால் யாரிடமும் ஊர்ப் பெயரைச் சொல்லாதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மத்தியானம் அண்ணாச்சி வீட்டு மாடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அவரவர் காசுகளை வைத்தோம். நான் பெருமையோடு என் சீலாந்துக் காசை வைத்தேன். 1790. ஒரு கண்காட்சியில் ஒரு வியாபாரியிடம் 2,200 ரூபாய் கொடுத்து வாங்கியது. இரண்டு வருடமாகப் போனில் இதைப் பற்றி நான் அளக்காத நாள் இல்லை. எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். காக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தன் பையைத் திறந்து ஒரு காசை எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியை என் பக்கம் நகர்த்தினார்.

அதுவும் சீலாந்து, 1790. என் காசில் ஒன்பதின் வாலுக்குப் பக்கத்தில் ஊசி முனையால் குத்தினாற்போல் ஒரு குழி உண்டு. பழமையின் அடையாளம் என்று அதையே எத்தனையோ பேரிடம் காட்டியிருக்கிறேன். காக்காவின் காசிலும் அதே இடத்தில் அதே குழி.

அச்சில் அடித்த இரண்டு காசுகள் இருநூறு வருடம் வெவ்வேறு கைகளில் புழங்கிவிட்டு, ஒரே இடத்தில் ஒரே காயத்தோடு வந்து நிற்காது. ஒரே வார்ப்பில் உருக்கி ஊற்றினால்தான் அப்படி வரும். விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் மெல்லிய பொருத்துக் கோடு, அரத்தால் தேய்த்த தடம். தம்பி தராசு கொண்டுவந்திருந்தான். அசல் மூன்று கிராமை ஒட்டி இருக்க வேண்டும். என்னுடையது நாலு கிராமைத் தாண்டியது. அசலுக்கே சில நூறு ரூபாய்தான் விலை என்பது வேறு கதை. ஒரே காசில் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

காக்காவுக்கு இது ஒரு வருடமாகத் தெரியுமாம். நான் போனில் அந்தக் குழியை வர்ணித்த அன்றே சந்தேகம் வந்துவிட்டதாம். "போனில் சொன்னால் உங்கள் முகம் எனக்குத் தெரியாதே தம்பி" என்றார். போனில் பேசினால் போதாதா என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இதைச் சொன்னேன். புகைப்படம் கேட்டு வாங்கி ஒப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

போகும்போது ஒரு பூதக்கண்ணாடியும் சின்னத் தராசும் எடுத்துப் போங்கள். காசுகளைக் கைப்பையில் வையுங்கள், மேலே சாமான் தட்டில் வேண்டாம். கூட்டம் ஆறேழு பேரைத் தாண்டினால் யாரும் யாருடைய காசையும் சரியாகப் பார்க்க மாட்டார்கள்.

சாயங்காலம் கிளம்பும் முன் காக்காவும் நானும் காசுகளை மாற்றிக்கொண்டோம். போலிக்குப் போலி. அவருடையது இப்போது என் பெட்டியில் தனி உறையில் இருக்கிறது. "அப்படியானால் யாருக்கு லாபம் அத்தான்?" என்று மச்சினன் கேட்டான். வீட்டுத் தராசில் போட்டுப் பார்த்துவைத்திருந்தேன். காக்காவின் காசு என்னுடையதைவிட மூன்று சென்டிகிராம் கூடுதல்.