தண்ணீர் விட்டதும் முதலில் சாக்கடை வாடை வருவது ஏன்?

பெங்களூரு அல்சூரில் குடியிருப்பவர் கேட்டிருக்கிறார். குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால், ஓட்டை வழியே தண்ணீர் வெளியேதான் கசியும். முறை வைத்து விடும்போது, நின்றதும் குழாய் காலியாகி, பக்கத்துச் சாக்கடை நீரை உள்ளே இழுக்கிறது. மெயின் லைனில் நேரடியாக மோட்டார் போடுகிறவர்கள் இதை இன்னும் மோசமாக்குகிறார்கள். தெருவுக்கே டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வர வழி செய்யும் வேலை அது.

முதலில் வரும் கலங்கலை சம்புக்குள் (வீட்டின் நிலத்தடித் தொட்டி) விடாதீர்கள். உள்ளே விழும் குழாயின் வாய், சம்பு நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். முங்கியிருந்தால் சம்புத் தண்ணீரே தெருக் குழாய்க்குத் திரும்பலாம். காவிரித் தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்கூட இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். எப்படியும் காய்ச்சியே குடியுங்கள். வாடை போகாவிட்டால், பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் சாக்கடையைக் கடக்கும் இடத்தை முதலில் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.