மறு: சங்கத்தின் இருப்பு ஆண்டுதோறும் குறைவது ஏன்?

உறுப்பினர் எண்ணிக்கை மாறவில்லை, 3 ஆண்டாக இருப்பு மட்டும் கரைகிறது, பொருளாளரும் ஆண்டுக்கொருவர் என்கிறீர்கள். யாரையும் சந்தேகிக்கும் முன் 3 ஆண்டு வங்கி அறிக்கைகளை எடுத்து, ஒவ்வோர் ஆண்டுக்கும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு என்று ஒரே தாளில் எழுதுங்கள். வங்கி அறிக்கையில் ஓராண்டின் இறுதி இருப்பு, அடுத்த பொருளாளர் தன் கணக்கில் எழுதிய தொடக்க இருப்போடு ஒத்துப்போகாவிட்டால், ஓட்டை பொறுப்பு கைமாறும் இடத்தில்தான். ஆண்டுவிழா பில்கள் புதியவர் பொறுப்பேற்ற பிறகு வந்திருக்கும். அரங்கத்துக்குக் கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கேட்க ஆளிருந்திருக்காது. அடுத்த ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே வாங்கி இந்த ஆண்டே செலவழித்திருந்தால் அது இன்னும் மோசம், ஏனென்றால் பள்ளம் ஆண்டுக்காண்டு நகர்ந்துகொண்டே போகும்.

எல்லாம் ஒத்துப்போனால் சந்தாத் தொகையைப் பாருங்கள். நிலையான செலவு 60,000, பதிவேட்டில் 120 பேர் என்றால் தலைக்கு 500 என்று வைத்திருப்பீர்கள். கட்டுவது 100 பேர்தான் என்றால் ஆண்டுக்கு 10,000 துண்டு விழும். கட்டியவர் எண்ணிக்கையால் வகுத்து 600 ஆக்குங்கள்.

புதிய ஆண்டின் சந்தா வந்து சேரும்வரை ஆகும் செலவைத் தனியே ஒதுக்கி வையுங்கள். வங்கியில் கையெழுத்து அதிகாரத்தையும் பொறுப்பு மாறும் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.