பந்தர்சூக்கின் 'போரும் அமைதியும்': கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், டால்ஸ்டாயின் இந்த நாவலை வைத்து ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த படம் ஏற்கெனவே இருக்கும்போது, சோவியத்காரர்கள் பந்தர்சூக்கை இயக்குநராக வைத்து ஏன் மறுபடி எடுத்தார்கள்?

பதில்: அது இருந்ததால்தான் எடுத்தார்கள். 1956-இல் வந்த அந்த ஹாலிவுட் படம் சோவியத் தியேட்டர்களிலும் நன்றாக ஓடியது. டால்ஸ்டாயை அமெரிக்கர்கள் எடுத்து நாம் பார்ப்பதா என்று அவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்புறம் என்ன, மோஸ்ஃபிலிம் ஸ்டுடியோவுக்கு ராணுவம் ஆட்களைத் தந்தது, அருங்காட்சியகங்கள் பழைய சாமான்களைத் தந்தன.

கேள்வி: நாற்பது வயதைத் தாண்டிய பந்தர்சூக்கே கதாநாயகனான இளைஞன் பியராக நடித்தது உறுத்தவில்லையா?

பதில்: முதல் பாகத்தில் உறுத்தும். மூன்றாம் பாகத்தில், நெப்போலியன் படையோடு ரஷ்யர்கள் மோதிய போரோதினோ போர்க்களத்துக்குள் வெள்ளைத் தொப்பியோடு நுழைந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறுகிறாரே, அங்கே வயது மறந்துபோகும்.

கேள்வி: அண்ணா, போர்க்காட்சிக்காகவே பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. கிராஃபிக்ஸ் இல்லாத காலம். நிஜச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் அணிவகுக்கிறார்கள். ஆனால் எனக்கு இந்தப் படத்தின் உச்சம் இரண்டாம் பாகத்தில் வரும் நடன விருந்துதான். கதாநாயகி நடாஷாவாக வருபவர் லுத்மிலா சவேலியேவா, பாலே பயின்ற இளம்பெண். ஜோடிகள் ஒவ்வொன்றாக ஆடப் போகின்றன. இவளை யாருமே அழைக்கவில்லை. கேமரா அந்த முகத்தை விட்டு நகர்வதில்லை. சிரிப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளப் பார்க்கிறாள், கண் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பியர் சொல்லி அவருடைய நண்பர் ஆந்திரேய் வந்து நின்றதும் அந்த முகம் மலர்வதைப் பாருங்கள்! வால்ட்ஸ் நடனத்தைப் படமாக்க ஒளிப்பதிவாளர் பெத்ரீத்ஸ்கி ரோலர் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஜோடிகளுக்கு நடுவே சுழன்றார். அதனால்தான் நமக்கும் தலை சுற்றுகிறது. இத்தனை படையையும் பணத்தையும் வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணின் தவிப்புக்கு இவ்வளவு நேரம் கொடுத்தாரே, அதற்காகவே பந்தர்சூக்கை நான் கொண்டாடுவேன்.

கேள்வி: நாவலில் எதை விட்டுவிட்டார்கள்?

பதில்: பியர் ஃப்ரீமேசன் என்னும் ரகசியச் சங்கத்தில் சேரும் பகுதி இல்லை. நடாஷாவின் அண்ணன் நிக்கலாய், ஆந்திரேயின் தங்கை மரியா இருவரின் கதையையும் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். மரியாவை இழந்ததுதான் எனக்குப் பெரிய குறை. டி.எஸ். சொக்கலிங்கத்தின் தமிழாக்கமான 'போரும் வாழ்வும்' கிடைத்தால் அவளை அங்கே படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏழு மணி நேரமாமே, எப்படி உட்கார்வது?

பதில்: நான்கு பாகம், நான்கு இரவு. 1966, 67-இல் ரஷ்யர்களும் பாகம் பாகமாகத்தான் பார்த்தார்கள். பெரிய திரையில் பாருங்கள், போனில் வேண்டாம்.