காலமை சேர்மாட், மத்தியானம் செர்வினியா: ஒரு நாள் எல்லை தாண்டும் பனிச்சறுக்கல் பற்றிக் கேள்வி பதில்

நான் சுவிஸின் வாலிஸ் மாநிலத்தில், ஃபிஸ்ப்பில் இருக்கிறேன். சேர்மாட்டில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பதினாறு குளிர்காலம் வேலை செய்தவள். மகளைப் பள்ளிக்கூடத்தில் ஸ்கிலாகருக்கு, அதாவது பனிச்சறுக்கு முகாமுக்கு, கூட்டிப்போன வருடம், முப்பத்தாறு வயதில் நானும் சறுக்கப் பழகினேன். இப்போது ஒவ்வொரு பருவமும் எங்கள் குடும்பங்கள் சிலதைச் சேர்த்துக்கொண்டு சுவிஸ் பக்கம் சேர்மாட்டில் ஏறி, இத்தாலிப் பக்கம் செர்வினியாவில் இறங்கி, பின்னேரம் திரும்பி வருகிறோம். அந்த ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பேர்னில் இருந்து: அக்கா, நாங்கள் நாலு பேர், எல்லோரும் சிவப்புப் பிஸ்ட்டில், அதாவது நடுத்தரக் கடினமான சறுக்குப் பாதையில், பயமில்லாமல் இறங்குவோம். ஒரே நாளில் போய் வரலாமா? எப்படித் திட்டம் போடுவது?

வரலாம் தம்பி. ஆனால் திட்டத்தைக் காலமையில் இருந்து போடாதீர்கள், பின்னேரத்தில் இருந்து பின்னோக்கிப் போடுங்கள். செர்வினியாவில் இருந்து மேலே ஏறும் கடைசி இணைப்பு லிஃப்ட் எத்தனை மணிக்கு? அதுதான் உங்கள் நாளின் முதல் எண். அதிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கிடுங்கள். என்னோடு வருகிறவர்கள் இரண்டு மணிக்குப் பிளான் மேசோனில், அதாவது செர்வினியாவுக்கு மேலே உள்ள லிஃப்ட் நிலையத்தில், நிற்க வேண்டும். அங்கே வெயில் அடித்தாலும், பிள்ளைகள் இன்னும் ஒரு தரம் என்று கெஞ்சினாலும் இரண்டு மணிதான்.

இனிக் காலமை. சேர்மாட்டுக்குள் கார் விடமாட்டார்கள். காரில் வந்தால் டேஷில் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு நிமிட ரயில். பேர்னில் இருந்து ரயிலில் என்றால் ஃபிஸ்ப்பில் மாறி இரண்டேகால் மணி நேரமளவில் வந்துவிடலாம். ஸ்டேஷனில் இருந்து லிஃப்ட் அடிவாரத்துக்கு மின்சார பஸ் ஓடுகிறது. சப்பாத்தோடு நடந்து களைக்காதீர்கள்.

அடிவாரத்தில் இருந்து ஃபூரி, பிறகு ட்றொக்கனர் ஸ்டெக், அது 2939 மீற்றர். அங்கிருந்து கிளைன் மற்றர்ஹோர்ன், 3883 மீற்றர். ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் உள்ள கேபிள் கார் நிலையம் இதுதான். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. இறங்கியவுடன் ஓடாதீர்கள். தலையிடித்தால் படம் பிடித்துக்கொண்டு நிற்காமல் கீழே இறங்குங்கள், இறங்கினால் மாறும்.

சுரங்கப் பாதையால் வெளியே வந்தால் பனியாறு. முதல் சறுக்கல் டெஸ்டா கிறிஜா வரை, 3480 மீற்றர். பலகைகளில் பிளாத்தோ ரோசா என்றும் இருக்கும், குழம்ப வேண்டாம். அதோடு நீங்கள் இத்தாலி. அங்கிருந்து ஏழாம் இலக்கப் பிஸ்ட், வென்டீனா என்று பெயர், செர்வினியா ஊர் வரைக்கும் இறக்கும். ஊர் 2050 மீற்றரில் இருக்கிறது. சேர்மாட்டின் அடிவாரத்தை விட நானூறு மீற்றருக்கு மேல் உயரம், அதனால் கீழ் வரைக்கும் பனி நன்றாக நிற்கும். ஆனால் வெயில் படுகிற பக்கம், மத்தியானத்துக்குப் பிறகு இளகும். ஆகவே வென்டீனாவை முதலில் இறங்கிவிட்டுப் பிறகு சாப்பிடுங்கள்.

வால்துர்னான்ஷ் வரைக்கும் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கிளைன் மற்றர்ஹோர்னில் இருந்து அங்கே வரை இருபது கிலோமீற்றருக்கு மேல் நிற்காமல் இறங்கலாம், ஊர் 1524 மீற்றரில். வாழ்நாளில் ஒரு தரம் செய்ய வேண்டிய இறக்கம். ஆனால் திரும்பி ஏறக் கொண்டோலாவும் நாற்காலி லிஃப்ட்டுகளுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பதினொன்றுக்கு முன் டெஸ்டா கிறிஜாவைத் தாண்டியிருந்தால் போங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம்.

திரும்பும்போது இரண்டு வழி. எல்லோரும் போவது சீமே பியாங்கே லாகி வழியாக டெஸ்டா கிறிஜாவுக்கு ஏறும் கேபிள் கார். நல்ல வெயில் நாளில் அங்கே சனம் குவியும். மற்றது பிளான் மேசோனில் இருந்து ஃபோர்னே, பிறகு பொன்டடீனி என்ற நாற்காலி லிஃப்ட். அது தெயோடுல் கணவாயில், 3300 மீற்றரளவில் கொண்டுபோய் விடும். அந்தப் பக்கம் சறுக்கினால் சேர்மாட். வரிசை நீளமாக இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். காற்று அடித்தால் முதலில் மூடுவதும் நாற்காலி லிஃப்ட்தான், அதையும் நினைவில் வையுங்கள்.

சூரிச்சில் இருந்து: சேர்மாட் பாஸ் வாங்கினால் போதுமா?

போதாது. சர்வதேசப் பாஸ் என்று தனியாக இருக்கிறது, அதுதான் இரண்டு பக்கமும் செல்லும். இரண்டும் சேர்த்து 360 கிலோமீற்றர் பிஸ்ட். வாங்குவதற்கு முன் கணவாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் அந்த மேலதிகக் காசு வீண். பல நாள் நிற்கிறவர்கள் சேர்மாட் பாஸை எடுத்துவிட்டு, நல்ல நாளாகப் பார்த்து ஒரு நாளுக்கு மட்டும் இத்தாலிப் பக்கத்தையும் சேர்க்கலாம்.

லூசேர்னில் இருந்து: எனக்கு இன்னும் எஃப் அட்டைதான், தற்காலிக அனுமதி. மேலே யாரும் செக் பண்ணமாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போகலாமா அக்கா?

போகாதீர்கள் தம்பி. மலை உச்சியில் வேலியும் இல்லை, காவலரணும் இல்லை, உண்மை. ஆனால் நீங்கள் சறுக்கிக்கொண்டு போவது இன்னொரு நாட்டுக்கு. எஃப் அட்டையோ, புகலிடம் கேட்டிருப்பவர்களுக்கான N அட்டையோ உள்ளவர்கள் முன்கூட்டியே திரும்பிவரும் விசா எடுக்காமல் சுவிஸை விட்டு வெளியேறக் கூடாது. மேலே யாரும் கேட்காமல் போகலாம். காற்று அடித்து லிஃப்ட் மூடி, கீழே தரைவழியாக எல்லைக்கு வந்தால் கேட்பார்கள். அல்லது கால் முறிந்து இத்தாலி ஆஸ்பத்திரியில் படுத்தால் கேட்பார்கள். ஒரு நாள் சறுக்கலுக்காக வருடக்கணக்காகக் காத்திருந்த வழக்கைச் சிக்கலாக்காதீர்கள். சுவிஸ் பக்கத்திலேயே 200 கிலோமீற்றர் பிஸ்ட் இருக்கிறது. அட்டை மாறியதும் எழுதுங்கள், நானே கூட்டிப்போகிறேன்.

பீ, சீ வதிவிட அட்டை உள்ளவர்களுக்குப் பிரச்சினையில்லை. அட்டையும் கடவுச்சீட்டும் சட்டைப்பைக்குள் இருக்கட்டும், ஹோட்டல் அறையில் அல்ல.

சென்னையில் இருந்து: மேடம், பிப்ரவரியில் குடும்பமாக வருகிறோம். ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசாதான். இத்தாலிக்குப் போய்விட்டுத் திரும்ப முடியுமா? அப்பா அம்மா சறுக்கமாட்டார்கள்.

முடியும். இரண்டு நாடும் ஷெங்கனுக்குள் இருப்பதால் அது வெளியேறியதாகக் கணக்காகாது. அப்பா அம்மாவும் வரலாம். 2023 ஜூலையில் கிளைன் மற்றர்ஹோர்னுக்கும் டெஸ்டா கிறிஜாவுக்கும் இடையில் புதுக் கேபிள் கார் திறந்தார்கள், நாலு நிமிடப் பயணம். அதற்குப் பிறகு சறுக்காதவர்களும் கேபிள் காரிலேயே செர்வினியா வரைக்கும் இறங்கலாம். இதய நோய், இரத்த அழுத்தம் இருந்தால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள், ஏனென்றால் அவர்களும் 3883 மீற்றர் ஏறித்தான் இறங்க வேண்டும். இன்னொன்று, சுவிஸ் சிம் எடுத்தால் அது இத்தாலியிலும் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் சலுகை சுவிஸுக்கு இல்லை.

பாசலில் இருந்து: கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு?

மாதத்துக்கு மாதம் மாறும். டிசம்பரில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. அன்று காலமை அடிவாரப் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலெர்மோவில் இருந்து: அக்கா, எல்லோரும் சேர்மாட்டில் இருந்தே தொடங்குகிறீர்கள். செர்வினியாவில் தங்கி சேர்மாட்டுக்குப் போய் வந்தால் அறையும் சாப்பாடும் எவ்வளவோ மலிவு. மேலே டெஸ்டா கிறிஜாவில் இருக்கிற மலைக்குடிலில் பொலெண்டா என்ற சோளமாக் களி சாப்பிட்டோம், யூரோதான் கொடுத்தோம்.

நீங்கள் சொல்வது சரி, காசு மிச்சம். ஆனால் கடைசி லிஃப்ட் கணக்கு அப்படியே தலைகீழாகும். சேர்மாட்டில் இருந்து மேலே ஏற எடுக்கும் நேரம் அதிகம், ஆகவே இன்னும் கெதியாகத் திரும்ப வேண்டும். மற்றர்ஹோர்ன் மலையின் அழகு என்றால் சேர்மாட் பக்கம்தான். அந்த வளைந்த மூக்கு இத்தாலியில் இருந்து பார்த்தால் தெரியாது.

தூண் நகரில் இருந்து: பலெர்மோ அண்ணாவுக்கு ஒரு திருத்தம். அந்தக் குடில் இப்போது சுவிஸில் இருக்கிறது. எல்லை நகர்ந்துவிட்டது.

பலெர்மோவில் இருந்து: எல்லை எப்படித் தம்பி நகரும்? குடில் கட்டியது இத்தாலிக்காரன், நடத்துவது இத்தாலிக்காரன்.

இரண்டு பேரும் பாதி சரி. இது எனக்கு மிகவும் பிடித்த விசயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தப் பகுதியில் எல்லை என்பது தண்ணீர் பிரியும் முகடு. பனி உருகி வடக்கே ஓடினால் சுவிஸ், தெற்கே ஓடினால் இத்தாலி. முகடு பாறையாக இருந்தால் சிக்கலில்லை. பனியாற்றின் மேல் இருந்தால், பனி குறையக் குறைய முகடும் இடம் மாறும். தெயோடுல் பனியாறு 1973க்கும் 2010க்கும் இடையில் தன் பனியில் கிட்டத்தட்டக் கால்வாசியை இழந்தது. 1984இல் குடிலைக் கட்டும்போது முழுக்க இத்தாலி மண்ணில் இருந்தது. பிறகு முகடு நகர, கணக்குப்படி கட்டடத்தின் பெரும்பகுதி சுவிஸ் பக்கம் வந்துவிட்டது. 

இரண்டு நாடும் 2018இல் பேசத் தொடங்கின, 2021 நவம்பரில் இணக்கத்துக்கு வந்தன. 2024 செப்டம்பரில் சுவிஸ் அரசு எல்லை மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

தூண் நகரில் இருந்து: அப்படியென்றால் கணக்குப்படி நான் சொன்னதுதானே சரி?

கணக்குப்படி சரி, நடைமுறையில் அது இத்தாலிக் குடில். யூரோ கொண்டுபோங்கள்.

பலெர்மோவில் இருந்து: பார்த்தீர்களா! பொலெண்டா சுவிஸ் சாப்பாடாக மாறாது.

பொலெண்டாவோடு நிறுத்துங்கள் அண்ணா, ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கு முக்கியமானது குடில் இல்லை. அந்தப் பனியாற்றின் மேல்தான் நாங்கள் சறுக்குகிறோம். 2022 கோடையில் பனி போதாமல் அங்கே சறுக்கலையே நிறுத்தினார்கள். பனி மெலிந்தால் வெடிப்புகளின் மேல் உள்ள மூடியும் மெலியும். பிஸ்ட்டுக்கு வெளியே வெள்ளையாக, மட்டமாக, ஆசையாகத் தெரியும். கம்பு நட்ட எல்லைக்கு வெளியே ஒரு மீற்றர்கூடப் போகாதீர்கள். நான் ஹோட்டலில் வேலை செய்த காலத்தில், அறைக்குத் திரும்பாத விருந்தாளியின் சாப்பாட்டுத் தட்டை இரவு பத்து மணி வரை சூடாக வைத்திருந்து பிறகு கொட்டியிருக்கிறேன். அது இன்னும் மனதில் இருக்கிறது.

லண்டனில் இருந்து: மூன்று நாள் வகுப்பு முடித்திருக்கிறேன். வென்டீனா இறங்கலாமா?

இல்லை. சேர்மாட்டின் சுன்னெகாவில் தொடக்கக்காரர்களுக்கு நல்ல இடம் இருக்கிறது, அங்கே பழகுங்கள்.

செங்காலனில் இருந்து: இத்தாலியில் ஹெல்மெட், காப்புறுதி எல்லாம் கட்டாயமா?

கட்டாயம், நல்ல கேள்வி. 2022 ஜனவரியில் இருந்து இத்தாலிப் பிஸ்ட்டில் மற்றவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான பொறுப்புக் காப்புறுதி வேண்டும். உங்கள் சுவிஸ் காப்புறுதி இத்தாலியிலும் செல்லுமா என்று கேட்டு, அத்தாட்சியை ஃபோனில் வையுங்கள். இல்லையென்றால் பாஸ் வாங்கும்போதே ஒரு நாளுக்கு எடுக்கலாம். ஹெல்மெட் முதலில் பதினெட்டுக்குக் கீழ் மட்டும்தான், 2025 நவம்பரில் இருந்து எல்லா வயதுக்கும். மதுவுக்கும் அளவு உண்டு, இரத்தத்தில் லீற்றருக்கு அரைக் கிராம். பொம்பார்தீனோ என்ற இத்தாலிய மதுபானம் இனிப்பாக, சூடாக, முட்டைக் கோப்பி மாதிரி இறங்கும். இரண்டு குடித்துவிட்டுச் சறுக்காதீர்கள். விபத்து என்றால் வாலிஸில் 144, இத்தாலியில் 112.

திரும்பும்போது இறைச்சி, சீஸ் வாங்குகிறவர்களுக்கு: இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ, மொத்தப் பொருள் 150 பிராங்க் வரைதான் வரியில்லாமல்.

ஜெனீவாவில் இருந்து: கடைசி லிஃப்ட் நேரம் தெரியுமா?

பாசலுக்குச் சொன்னதை வாசியுங்கள். இணையத்தில் யாரோ எழுதிய நேரத்தை நம்பாதீர்கள், நான் எழுதினாலும் நம்பாதீர்கள். பலகை.

லௌசானில் இருந்து: பிரான்ஸில் ஷாமொனியில் இருந்து இத்தாலியில் கூர்மாயோருக்கும் இதே மாதிரிப் போகலாமா?

அது வழிகாட்டியோடு இறங்க வேண்டிய மலை. நான் அங்கே சறுக்கியதில்லை. ஷாமொனி மலை வழிகாட்டிகளிடம் கேளுங்கள்.

பேர்னில் இருந்து: அக்கா, திரும்பவும் நான்தான். உண்மையாகவே தவறவிட்டால் என்ன நடக்கும்?

எனக்கு நடந்திருக்கிறது. மகளுக்கு அப்போது பதினொரு வயது. இரண்டு குடும்பம், ஆறு பேர். ஒன்றரைக்குச் சாப்பாட்டு மேசையில் இருந்தோம், வானம் நீலம். இரண்டரைக்குப் பிளான் மேசோனில் நிற்கும்போது மேலே முகட்டில் இருந்து பனி புகை மாதிரிப் பறந்தது. மூன்று மணிக்கு இணைப்பு எல்லாம் மூடி. கீழே ஒரு மரநிழல்கூட ஆடவில்லை. மேலே அடிக்கிற காற்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது.

ஒரு டாக்சிக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது. பள்ளத்தாக்கால் இறங்கி, ஆவோஸ்டா போய், கிரான் சான் பெர்னார் சுரங்கத்தால் சுவிஸுக்குள் வந்து, ரோன் பள்ளத்தாக்கு முழுக்கத் தாண்டி டேஷ், நாலு மணி நேரம். மலைக்கு மேலால் அரை மணி நேரத் தூரம் அது. சறுக்குச் சப்பாத்தோடு அறை தேடினோம். ஒரு அறையில் ஆறு பேர். மகளுக்குச் சளி மருந்து சேர்மாட்டில் இருந்தது.

அதற்குப் பிறகு என் பைக்குள் எப்போதும் இருப்பவை: கடவுச்சீட்டு, வங்கி அட்டை, ஒரு நாள் மருந்து, ஒரு சோடி காலுறை, ஃபோன் சார்ஜர். அரைக் கிலோகூட வராது.

சூரிச்சில் இருந்து: இந்தச் சனிக்கிழமை போகலாமா? ஊரில் நல்ல வெயில் என்று போட்டிருக்கிறது.

ஊர் வெயிலைப் பார்க்காதீர்கள். மூவாயிரத்து ஐந்நூறு மீற்றரில் காற்று எவ்வளவு என்று பாருங்கள், தெற்கில் இருந்து ஃபூன் என்ற வெப்ப மலைக்காற்று வருகிறதா என்று பாருங்கள். வெள்ளி இரவு ஒரு தரம், சனி காலமை ஏழு மணிக்கு ஒரு தரம். லிஃப்ட் நிலவரப் பட்டியலில் இணைப்பு லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் பச்சை இல்லாவிட்டால் சேர்மாட் பாஸ் மட்டும் எடுத்துக்கொண்டு சுவிஸ் பக்கத்திலேயே கோர்னர்கிராட்டுக்குப் போங்கள். பச்சையென்றால் நானும் சனி அங்கேதான் இருப்பேன். இரண்டு மணிக்குப் பிளான் மேசோன்.