செந்தூல் வீட்டை அடகு வைக்காதீர்கள்

போன சனிக்கிழமை கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பதி, மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு அவளோடு என்னிடம் வந்திருந்தார்கள். பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதிய பெண். பெரியப்பாவும் மாமாவும் மருத்துவம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அரசு இடம் கிடைக்காவிட்டால் வீட்டை அடகு வைத்துத் தனியார் கல்லூரியாம். பெண் கேட்பதோ குற்றத் தடயங்களை ஆராயும் தடயவியல். "பொம்பளைப் பிள்ளை, பிணமும் கொலையுமா சார்?" என்று அம்மா கண் கலங்கினார்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் வீட்டை அடகு வைக்காதீர்கள். லட்சக்கணக்கான மலேசிய வெள்ளி செலவழித்துப் படித்து வந்தாலும், 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்களுக்கு அரசு தருவது ஒப்பந்த வேலைதான். அந்தக் கடனைப் பெரியப்பா கட்டப் போவதில்லை.

தடயவியலில் பெரும்பகுதி ஆய்வுக்கூட வேலை. ஒரு முடியை நுண்ணோக்கியில் வைத்தால் வெளியே செதில், அடுத்துப் புறணி, நடுவே மையத்தண்டு தெரியும். மையத்தண்டு முடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவென்றால் பொதுவாக மனித முடி. பாதியைத் தாண்டினால் விலங்கு. வேரைப் பார்த்தால் தானாக உதிர்ந்ததா, பிடுங்கியதா என்று ஊகிக்கலாம். சாயம் பூசியதும் தெரியும். ஆனால் இன்னாருடைய முடிதான் என்று நுண்ணோக்கியை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. அதற்கு மரபணுச் சோதனை வேண்டும். வேரில்லாத முடியில் பெரும்பாலும் தாய்வழி மரபணுதான் கிடைக்கும். அதுவும் அண்ணன் தம்பிக்கு ஒன்றாகவே இருக்கும்.

அமெரிக்காவில் நுண்ணோக்கியை மட்டும் வைத்தே அப்படித் துணிந்து சொன்னார்கள். அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் நிபுணர்கள் சொன்ன முடிச் சாட்சியம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் போன வழக்குகளில் முதலில் 268-ஐ மறு ஆய்வு செய்தபோது, 257-ல் பிழை இருந்ததாக 2015-ல் தெரியவந்தது. சாண்டே டிரிபிள் என்பவர் 28 ஆண்டுகள் சிறையில் இருந்தார். அவருக்கு எதிராகக் காட்டிய முடிகளில் எதுவும் அவருடையதல்ல. ஒன்று நாயின் முடி!

உங்கள் மகளிடம் இரண்டு முடிகளின் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒரே மாதிரி இருக்கு சார், ஆனா ஒரே ஆளோடதுன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். இந்தத் துறைக்கு இந்தப் புத்திதான் வேண்டும். பெரியப்பா சொன்னார் என்பதற்காக இதை மழுங்கடிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் கோலாலம்பூர் வளாகத்திலேயே இந்தப் பட்டத்தைத் தருகிறது, செந்தூலிலிருந்து பக்கம்தான். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குபாங் கெரியான் வளாகத்திலும் உண்டு. அரசுக் கட்டணம்தான், அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடனே போதும். தடயங்களைச் சோதிக்கும் அரசின் இரசாயனத் துறை அலுவலகத்தில் வேலை இடங்கள் குறைவு, அதை மறைக்கவில்லை. அதனால் முதலாண்டிலிருந்தே வேதியியலை விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். வேறு ஆய்வுக்கூடங்களுக்கும் அது கைகொடுக்கும்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் முதல் தேர்வை அவளே நிரப்பட்டும்.